வேரில் கட்டிய முத்து

மகளுடைய தோட்டத்துக் கதவுக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, செருப்பின் அடிப்பள்ளங்களை வளைந்த ஆணி ஒன்றால் கிளறிக்கொண்டிருக்கிறார் நாற்றுக்காரர். கிளறி எடுத்த மண்ணை ஒரு பழைய பால்பவுடர் டப்பாவுக்குள் தட்டுகிறார். பிறகு பாட்டிலில் கொண்டுவந்த பிளீச்சிங் தண்ணீரை ஊற்றிப் பிரஷ்ஷால் தேய்க்கிறார். தேய்ப்பைப் பார்த்தால் ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர். கையைப் பார்த்தால் காலமெல்லாம் மண்வெட்டி பிடித்த ஆள்.

இந்தப் பழக்கம் சமீபத்தில் வந்தது. முன்பெல்லாம் யார் வயலானாலும் சேற்றுச் செருப்போடு நடுவிலே நடந்து போவார். யாராவது முகம் சுளித்தால், "எங்கால் மண்ணு ஒட்டறதுக்கு ஒங்க நெலம் குடுத்து வச்சிருக்கணும்யா" என்பார்.

சும்மா சொல்லக்கூடாது, அது வெறும் வாய்ச்சவடால் இல்லை. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவர். அடுத்தவர் நாற்றுப் பண்ணையில் தண்ணீர்க் குடம் சுமந்து, எரு மூட்டைகளுக்கு நடுவே படுத்தெழுந்து, ஒரு மூலை நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து, பிறகு அந்த மூலையோடு முழு நிலத்தையும் தனதாக்கிக்கொண்டவர். தக்காளியோ கத்தரியோ மிளகாயோ, அந்த வட்டாரத்தில் எவன் நட்டாலும் இவர் வாசலுக்கு வந்துதான் ஆகவேண்டும். இப்படித் தன் கையை ஊன்றி எழுந்தவன் கொஞ்சம் மார்தட்டினால்தான் என்ன?

அவர் வியாபாரம் செய்கிற அழகே தனி. நாற்றைப் பிடுங்கி, மண்ணை உதறி, நகைக்கடைக்காரர் சங்கிலியைக் காட்டுவதுபோல வேரை விரலில் தொங்கவிடுவார். "எலைய எவன் வேணா காட்டுவான். வேரக் காட்டச் சொல்லு, பாப்போம்!"

அந்த வேரில்தான் வந்தது வினை. அவரை, பயறு வேர்களில் சின்னச் சின்ன முண்டுகள் இருந்தால் மண்ணுக்குச் சத்து என்பது அவர் சின்ன வயதிலேயே கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்ட பாடம். சரியான பாடம்தான். அதனால், ஒரு பருவத்தில் தக்காளி வேரிலும் முண்டு தெரிந்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. "தக்காளிக்கே முத்து கட்ட வச்சிருக்கேன்னா பாத்துக்கயேன்!" வாங்க வந்தவர்களும் தலையாட்டினார்கள். வேறென்ன செய்வார்கள்? சொன்னது நாற்றுக்காரர் ஆயிற்றே.

அதே பருவத்தில்தான் மகளும் மருமகனும் கல்லும் முள்ளுமாகக் கிடந்த சரிவைத் திருத்தி முதல் நடவுக்குத் தயாரானார்கள். கலப்பையே படாத மண். அவர் காலையிலிருந்து பாத்தியில் உட்கார்ந்து ஒவ்வொரு நாற்றாகப் பொறுக்கினார். முண்டு குறைந்ததை ஒதுக்கினார். அதிகம் கட்டியதை ஈரச் சாக்கில் சுற்றினார். "எம்பொண்ணுக்கு மட்டும் பொறுக்கியெடுத்த சரக்கு" என்று வண்டியில் ஏற்றி அனுப்பினார்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். செடி உச்சிவெயிலில் துவண்டு விழுகிறது, தண்ணீர் விட்டும் நிமிரவில்லை, மஞ்சளடித்துக் குள்ளமாக நிற்கிறது என்றார்கள். "தண்ணி பாய்ச்சத் தெரியாதவனெல்லாம் வெள்ளாமைக்கு வந்துட்டான்" என்று விரட்டினார். கடைசியில் மண் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அவருடைய உள்ளங்கையில் அவரை வேர் ஒன்றையும் தக்காளி வேர் ஒன்றையும் வைத்தாள்.

"ஐயா, நகத்தால முண்டத் தள்ளிப் பாருங்க."

அவரை வேர் முண்டு மணிபோல உதிர்ந்தது. தக்காளி முண்டு உதிரவில்லை, தோல்தான் உரிந்தது.

"அது வேர் மேல உக்காந்திருக்கு. இது வேரே வீங்கிப்போனது. உள்ள நூற்புழு இருக்குங்க." முண்டைக் கீறி லென்ஸைக் கொடுத்தாள். வெள்ளையாக, குண்டூசித் தலையைவிடச் சிறிய ஒரு பை. அது தாய்ப்புழு. பக்கத்திலேயே முட்டைக் குவியல்.

"சரிம்மா, கொல்றதுக்கு மருந்தச் சொல்லு."

"கொறைக்கலாம் ஐயா. அடியோட ஒழிக்கிறது கஷ்டம். செருப்புல ஒட்டுற மண்ணு போதும், அடுத்த நெலத்துக்கும் போயிடும்."

அவர் அதை ஏற்கிற ஆளா? கோடை வெயிலில் நிலம் முழுக்கக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளை மூடி மண்ணை வேகவைத்தார். வேப்பம் புண்ணாக்கைக் கொட்டினார். புழுவுக்கு ஆகாது என்றார்கள் என்று செண்டுமல்லி நட்டார். "கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து ஒரு பூ வாங்கித் தந்ததில்ல. இப்பப் புழுவுக்காகப் பூந்தோட்டமே போட்டிருக்காரு" என்றாள் மனைவி. அவரும் சிரித்தார். சிரித்துவிட்டுச் சோதனைக்கு நட்டிருந்த தக்காளியைப் பிடுங்கினார். முண்டு குறைந்திருந்தது. போயிருக்கவில்லை.

"சூடு பட்டா அடில போயிப் படுத்துக்குது. ஆறுனதும் மேல வருது. எம்மண்ணுல என்னவிட வீம்பு புடிச்சதா இருக்கு" என்றார் மனைவியிடம். அன்று சாப்பாட்டில் கைவைக்கவில்லை.

பண்ணை படுத்துவிட்டது. வாசலில் நின்று ஏசிவிட்டுப் போகிறார்கள். அதையெல்லாம் தாங்கிக்கொள்கிறார். மகளிடம் இன்னும் சொல்லவில்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை. புது நிலத்தில் சீக்கிரம் தெரிந்தால், நட்ட பாத்தியை மண்ணோடு வழித்தெடுத்து எரித்து, அந்த மூலையோடு நிறுத்திவிடலாம் என்று பரிசோதனைக்காரப் பெண் சொல்லியிருந்தாள். ஆனால் போனில் மகளின் குரல் கேட்டாலே பேச்சை மாற்றிவிடுகிறார். "ம்... உடம்பப் பாத்துக்கம்மா" என்று வைத்துவிடுகிறார். இன்று பஸ் ஏறும்போது மனைவி எச்சரித்தே அனுப்பினாள்: "போனதும் மொதல்ல வாயத் தொறந்து சொல்லுங்க. டீயக் குடிச்சிட்டு ஊர்க்கதை பேசிட்டு வந்துடாதீங்க."

"அப்பா! வெளிய ஏன் உக்காந்திருக்கீங்க?" மகள் வரப்பிலிருந்து ஓடி வருகிறாள்.

"செருப்பக் கழுவறேம்மா."

"நல்லாருக்கு கூத்து! ஒங்க மண்ண எங்க நெலத்துல நாலு உதறு உதறுங்க, அப்பவாச்சும் எங்களுக்கு வெளையட்டும்."

"நீ அங்கயே நில்லு. ஒண்ணு சொல்லணும்."

"மொதல்ல நான் சொல்றேன்!" ஓடிப்போய், முதல் பாத்தியிலிருந்து ஒரு தக்காளிச் செடியை வேரோடு பிடுங்கி வந்து கதவுக்கு மேலாக நீட்டுகிறாள். "பாருங்க, நீங்க சொன்ன அதே முத்து! ஒங்க மருமகன் நம்பவே இல்ல. இப்ப அவரே இந்தப் பாத்தி மண்ணக் கூடை கூடையா அள்ளி எல்லாப் பாத்திக்கும் தூவி விட்டிருக்காரு. எல்லாத்துலயும் கட்டட்டுமேன்னு."

அவர் செடியை வாங்கிக்கொள்கிறார். கட்டைவிரல் நகத்தை ஒரு முண்டுக்கு அடியில் கொடுத்துத் தள்ளுகிறார். தோல் உரிகிறது. அடுத்த முண்டுக்குப் போகிறார்.

"என்னப்பா, நல்லாத்தானே கட்டியிருக்கு?"

அவர் நகம் அதற்கடுத்த முண்டைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. இடது கை டப்பாவைத் திறந்து, ஒரு பொட்டு மண்ணும் கீழே சிந்தாதபடி, வேருக்கு அடியில் ஏந்திப் பிடித்திருக்கிறது.