ஆடி மாதத்து மரண அறிவிப்பு

ஐம்பத்தெட்டாம் ஆண்டு ஆடி மாதத்தில், உயிரோடிருந்த ஒருவருக்கு நான் மரண அறிவிப்பு தயாரித்துக் கொடுத்தேன். அவர் என் அறைத்தோழர். சிங்கப்பூர் பஃபலோ ரோட்டில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் ஐந்து பேர் தங்கியிருந்தோம். அவர் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நான் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியர்.

ஊரில் அவருக்கு மனைவி இருந்தார்; பிள்ளை இல்லை. இங்கே, தமிழ்க் குடும்பம் ஒன்று எடுத்து வளர்த்த சீனப் பெண்ணை அவர் மணந்துகொண்டார். அவள் அப்போது மாசமாக இருந்தாள். இதை ஊருக்கு எழுத அவருக்குத் தைரியம் இல்லை. இறந்துவிட்டதாகச் சொல்லி அனுப்பத் தைரியம் இருந்தது.

சிங்கப்பூரில் ஒருவர் இறந்தால், உடனிருந்தவர் ஊருக்குக் கடிதம் எழுதி, பத்திரிகையில் வந்த அறிவிப்பை வெட்டி அதோடு வைத்து அனுப்புவது வழக்கம். ஊரார் அந்தத் துண்டைப் பார்த்துவிட்டுக் கருமாதிக்கு நாள் குறிப்பார்கள். ஆனால் இந்த அறிவிப்பைப் பத்திரிகையில் போட முடியாது. நாங்கள் இருந்த தேக்கா வட்டாரத்தில் பாதிப் பேர் அவருக்குப் பழக்கம். எனவே ஒரு மதியம், அச்சுக்கோப்பவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது, நானே ஐந்து வரிகளைக் கோத்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தால் சந்தேகம் வருமே என்று, ஒரு பக்கம் மட்டும் அச்சாகி வீணாய்க் கிடந்த பழைய தாளில் ஒன்றை எடுத்து, அதன் மறுபக்கத்தில் பதித்தேன். அவசரத்தில் வெட்டியதுபோல் ஓரத்தைக் கொஞ்சம் கோணலாக வெட்டினேன். அந்தக் கோணல் எனக்குத் திருப்தியாக இருந்தது.

'காய்ச்சலில் இறந்தார்' என்றுதான் அவர் எழுதிக் கொடுத்திருந்தார். 'சிகிச்சை பலனின்றி' என்பது நான் சேர்த்தது. படித்துப் பார்த்தவர் சிரித்தார்.

"நல்ல மனுசனாத்தான் செத்திருக்கேன் லா. அவ காத்துக்கிட்டே கெடக்குறதுக்கு இது எவ்வளவோ மேல், தம்பி."

நான் அதை நம்பினேன் என்று சொல்ல முடியாது. மறுக்கவில்லை, அவ்வளவுதான். உடன் வைத்த கடிதமும் என் கையெழுத்தில்தான் போனது. கொள்ளி வைத்தவன் நானே என்று அதில் எழுதியிருந்தேன். இரண்டு மாதம் கழித்து அவருடைய மைத்துனரிடமிருந்து பதில் வந்தது. கூடப் பிறந்தவனைப் போல நின்று காரியம் செய்ததற்கு எனக்கு நன்றி சொல்லியிருந்தார். அக்காவுக்குத் தாலி இறக்கியாயிற்று என்று கடைசி வரியில் இருந்தது. நான் அதை அறைத்தோழரிடம் காட்டவில்லை. சில வாரங்களில் அவரும் அறையைக் காலி செய்துவிட்டுப் போனார்.

எட்டு வருடங்கள் கழித்து அந்த மைத்துனர் என்னைத் தேடி அலுவலகத்துக்கு வந்தார். சரக்குக் கப்பலில் சமையல்காரராக வேலை கிடைத்திருந்தது. கப்பல் மறுநாள் புறப்படுகிறது என்றார். அக்கா கொடுத்தனுப்பியதாக ஒரு டின் அதிரசத்தை மேசைமேல் வைத்தார். எழுந்து நின்ற என்னை உட்காரச் சொல்லிவிட்டு, அவர் நின்றுகொண்டே இருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்தார். மடித்த இடத்தில் கிழிந்து, பசை போட்டு ஒட்டியிருந்தது.

"அக்கா எழுத்துக் கூட்டிப் படிக்கும்ண்ணே. இத்தனை வருசமா முன்பக்கத்தை மட்டும் படிச்சுது. போன வருசந்தான் திருப்பிப் பாத்துச்சு."

பின்பக்கத்தில் ஒரு துணிக்கடையின் தீபாவளி விளம்பரம். முந்தைய ஆண்டின் கழிவுத்தாள். அதை எடுத்தபோது அந்தப் பக்கத்தை நான் படிக்கவே இல்லை. பிறர் எழுதியதில் பிழை தேடுவதுதான் என் அன்றாட வேலை.

"ஆடியில செத்தவருக்குப் பின்னாடி தீபாவளி எப்படிடா வரும்னு கேக்குது. சோறு எறங்கல அதுக்கு. அந்த வருசத்துப் பேப்பரக் காட்டுனீங்கன்னா, பாத்துட்டுப் போய் சொல்லிடுவேன்."

தொகுத்துக் கட்டிய பழைய இதழ்கள் எனக்குப் பின்னாலிருந்த அலமாரியில் இருந்தன. கரையான் அரித்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அவர் கண் அதிரச டின்னின் மேல் இருந்தது. எனக்கு அந்தப் பொய் வரவில்லை. இந்த அறிவிப்பு பத்திரிகையில் வரவே இல்லை, நான் அச்சடித்தது என்றேன்.

அவர் துண்டை டின்னுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மச்சான் உசுரோட இருக்காரா?"

"இருக்கார்."

"புள்ளைங்க?"

மூன்று என்றேன். தோ பாயோவில் புது வீடு கிடைத்திருக்கிறது என்று சொல்லத் தொடங்கியதும் கையை உயர்த்தித் தடுத்தார்.

"எடத்தச் சொல்லாதீங்க. தெரிஞ்சா போயிடுவேன்."

அப்போதுதான் உட்கார்ந்தார். என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். போலீசுக்குப் போனாலும் தடுக்க மாட்டேன் என்றேன். அவர் துண்டை மடித்துப் பையில் வைத்துவிட்டு, ஆபீஸ் தாள் இருக்கிறதா என்று கேட்டார்.

"எழுதுங்கண்ணே. பழைய பேப்பர்ல தேடிப் பாத்தோம், இருக்குதுன்னு. தீபாவளி எப்படி வந்துச்சுன்னும் எழுதுங்க."

நான் பேனாவை எடுக்கவில்லை. அக்காவிடம் உண்மையைச் சொல்வதுதான் நியாயம் என்றேன். எட்டு வருடம் கழித்து எனக்கு நியாயம் பேச வந்தது.

"செத்துட்டாருன்னு அழுது முடிச்சிடுச்சு. விட்டுட்டுப் போயிட்டாரு, மறுபடி மொதல்லேர்ந்து அழுன்னு சொல்லவா? நீங்க வந்து சொல்றீங்களா?"

எழுதினேன். சில கடைகள் பண்டிகை விளம்பரங்களை மாதக்கணக்கில் முன்னதாகவே வெளியிடுவதுண்டு என்று, ஒரு அடித்தல் இல்லாமல். உண்மையை ஒப்புக்கொண்டதில் எனக்குக் கிடைத்த நிம்மதி கால்மணி நேரம்கூட நிற்கவில்லை. இனி ஊரில் அக்காவின் முகத்தைப் பார்த்து இந்தப் பொய்யைச் சொல்ல வேண்டியவர் அவர்.

கடிதத்தை வாங்கி உதடசைய இரண்டு முறை படித்தார். மூன்றாவது முறை அதைத் திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு என்னிடமே நீட்டினார்.

"சீல் வைக்கலையே."

மேசை இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்தேன்.