பாய்க்குள் ஒரு சார்ஜென்ட்

அபியாச் சந்தையில் துப்பாக்கியோடு வெறிபிடித்துத் திரிந்த பெனியை, போலீஸ் சார்ஜென்ட் ஃபிலோ தொடையில் சுட்டு வீழ்த்தினாள். ஊரே கொண்டாடியது. "நெத்தியில போட்டிருக்கணும்!" என்று மீன்காரிகள் கத்தினார்கள். அவன் துப்பாக்கியை நீட்டியபோது கூடையைப் போட்டுவிட்டு ஓடியவர்கள்தான். ஃபிலோவுக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாள் விடியலில் குடும்பம் மொத்தத்தையும் அழைத்துக்கொண்டு பெனியின் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து, தலைக்குமேல் மெல்லிய பாயைப் போர்த்திக்கொண்டாள். ரத்தம் சிந்தவைத்தவர்கள் அந்தத் தீவில் அப்படித்தான் மன்னிப்புக் கேட்பார்கள். வீட்டார் வந்து பாயை விலக்கினால் பகை தீர்ந்தது.

"தப்புப் பண்ணினவன் அவன். நாம ஏன்டி வேகணும்?" என்று அண்ணன் முனகினான்.

"நான் சுட்டது சரிதான். சிந்தினது அவங்க ரத்தம். பேசாம உக்காரு."

வெயில் ஏறியது. வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை. மதியம் தெருவில் பேச்சுக்குரல் கேட்டது. யாரோ பாயை விலக்கினார்கள். பெனியின் அப்பா ஃபோனோட்டி, வியர்வை சொட்ட, கக்கத்தில் தன் பாயோடு நின்றார்.

"என் மகன் உன்மேல துப்பாக்கியை நீட்டினானே தாயி! விடியக்காலையிலேர்ந்து நாங்க உன் வீட்டு வாசல்ல கிடந்தோம். உங்க நாய் மட்டும்தான் வந்து மோந்து பார்த்துச்சு!"

இரண்டு குடும்பமும் வயிறு வலிக்கச் சிரித்தன. அப்புறம்தான் அவர் அவள் சீருடையைக் கவனித்தார்.

"இதைக் கழட்டிட்டு வந்திருக்கலாமே?"

"கழட்டிட்டு வந்தா, சுட்டது யாரு ஐயா?"

அவர் குனிந்து, அந்தச் சீருடையின் முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் கையால் தட்டிவிட்டார்.