கரமனையில் ஒரு சிரட்டை உண்ணி

1973-ஆம் வருஷம், ஆனி மாதம், வியாழக்கிழமை. விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு நாகர்கோவிலில் திருவனந்தபுரம் பஸ் ஏறினேன். டிக்கெட் இரண்டு ரூபாய்ச் சில்லறை. தூரம் நாற்பது மைலுக்குச் சற்று மேல். பிள்ளையாரை நினைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தால், ஜன்னலின் தார்ப்பாய் கிழிந்து மழை முழுவதும் என் தோளில்தான் விழுந்தது. நான் கோயில், குளம் என்று போகிறவன். கற்பூரம், சாம்பிராணி விற்கிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். ஒரு பசுவுக்காகப் பஸ் ஏறியது இதுதான் முதல் தடவை.

கரமனையில் என் தங்கை சாரதா இருக்கிறாள். அவள் புருஷன் தவறி மூன்று வருஷம் ஆகிறது. குழந்தை குட்டி கிடையாது. கல்யாணி என்று ஒரு பசு. அது கறக்கும் பாலை அக்கிரகாரத்தில் நாலைந்து வீட்டுக்கு ஊற்றி ஜீவனம் நடத்துகிறாள். வலியசாலைக் கோயிலில் பிரதோஷ அபிஷேகத்துக்கும் அவள் வீட்டுப் பால்தான் போகும். அந்தக் கல்யாணி மூன்று நாளாகப் புல்லைத் தொடவில்லை என்று, முகூர்த்தத்துக்கு எங்கள் ஊர் வந்திருந்த உறவினர் ஒருவர் சொன்னார். அழகம்மன் கோயில் விபூதியை மடித்து எடுத்துக்கொண்டு மறுநாளே புறப்பட்டுவிட்டேன்.

தக்கலை, மார்த்தாண்டம் தாண்டி, களியக்காவிளையில் டீ குடிக்கப் பஸ்ஸை நிறுத்தினார்கள். அங்கிருந்து பெயர்ப்பலகைகளெல்லாம் மலையாளம். நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், நேமம். ஒன்பது மணிக்குக் கரமனைப் பாலத்தருகே இறங்கினேன். ஆறு செம்மண் கரைத்து ஓடிக்கொண்டிருந்தது.

சாரதா கொல்லையில் இருந்தாள். வந்தவனை வா என்று சொல்லக்கூட மறந்து, பசுவின் காதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். தொட்டேன். அடுப்பிலிருந்து இறக்கின வெண்கலப் பானை மாதிரி கொதித்தது.

கல்யாணி நம் நாட்டுப் பசு அல்ல. சீமைக் காளையின் இனம் கலந்தது, சர்க்கார் திட்டத்தில் கிடைத்தது. கருஞ்சிவப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை, திமில் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஆனால் பால் மட்டும் மூன்று நாட்டுப் பசு சேர்ந்து கொடுப்பதை ஒன்றாகக் கொடுக்கும். அப்படிப்பட்ட மடி சுருங்கிப்போய்த் தொங்கியது. கன்று பக்கத்தில் நின்று முட்டி முட்டிப் பார்த்துவிட்டு என் வேஷ்டியைச் சப்ப வந்தது.

பசுவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு வந்துவிடு என்று சொன்னேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"வரமாட்டேன் அண்ணா. மன்னி நல்லவதான். ஆனா என் பசு போட்ட சாதமாக்கும் நான் இங்கே சாப்பிடறது. அங்கே வந்தா நீ போட்ட சாதம். அது வேறயல்லவா?"

சாரதா முந்தின நாளே ஆள் விட்டுச் சொல்லியிருந்தபடி, பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு ஜீப் வந்தது. நெடுமங்காடு ரோட்டில் சர்க்காரின் மாட்டு நோய் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கும் டாக்டரம்மா. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. முப்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் சந்தனக் கீற்று. பாதி தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசினார். கலப்பினப் பசுக்களுக்கு உண்ணியால் வரும் காய்ச்சலைப் பற்றித்தான் அவருக்கு ஆராய்ச்சி. பசுவின் காது நுனியில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துக்கொண்டார். இரண்டு மூன்று காய்ச்சல் ஆரம்பத்தில் ஒரே மாதிரி இருக்கும், மருந்து மட்டும் வேறு வேறு, பார்த்துவிட்டுத்தான் கொடுக்க முடியும் என்றார். காலையில் ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஆள் வர வேண்டும். வரும்போது பசுவின் மேலிருக்கும் உண்ணியில் ஐந்தாறு உயிரோடு வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

உண்ணிக்கு என்ன பஞ்சம்? மறுநாள் வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சாரதா குளித்து, பசுவுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, பூஜைக்கு முன்னால் அதன் மடியிலும் கழுத்து மடிப்பிலும் வால் அடியிலும் இருக்கும் உண்ணியெல்லாம் பிடுங்கினாள். பிடுங்கினதைத் தேங்காய்ச் சிரட்டையில் போட்டாள். எங்கள் வீடுகளில் வழக்கம் இதுதான். பசுவின் உடம்பில் சகல தேவதைகளும் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால், அதுவும் வெள்ளிக்கிழமை, ஓர் உயிரை நசுக்கலாமா? சிரட்டையைக் கொல்லைக் கோடிக்குக் கொண்டுபோய் வாழை மூட்டில், அடிமண்ணோடு, மெதுவாகக் கவிழ்த்துவிடுவோம். அன்றைக்கு நானே கொண்டுபோய்க் கவிழ்த்தேன். ஆமணக்கு விதை மாதிரி உப்பிக் கிடந்தவை மெல்ல ஈர மண்ணுக்குள் நகர்ந்து போனதைப் பார்த்தபோது, கணவனை இழந்து தனியாக இருந்தும் தங்கை ஆசாரத்தை விடவில்லையே என்று மனசு நிறைந்தது.

ஆறு உண்ணியை மட்டும் ஒரு கண்ணாடிப் போத்தலில் போட்டு, வாயில் மெல்லிசுத் துணி கட்டினாள். அந்தச் சமயத்தில்தான் பசு சிறுநீர் விட்டது. சிமெண்ட் தரையில் ஓடியது சிறுநீர் அல்ல. காப்பி டிகாக்ஷன். அடியில் சிவப்பு.

சாரதா போத்தலை என் கையில் கொடுத்துச் சொன்னாள்: "சீக்கிரம் போ அண்ணா. அவா பார்த்து முடிச்சதும் இதுகளைத் திரும்ப வாங்கிண்டு வந்துடு. அங்கே கொன்னு கின்னு போடப்போறா. வெள்ளிக்கிழமையாக்கும்."

சரி என்றுதான் நானும் சொன்னேன்.

கரமனையிலிருந்து கிழக்கேகோட்டை என்கிற பஸ் நிறுத்தம், அங்கிருந்து நெடுமங்காடு பஸ். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் என் மடியிலிருந்த போத்தலையே பார்த்துக்கொண்டு வந்தார். பேரூர்க்கடையில் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்: "சுவாமி, இது பலகாரமோ?" உண்ணி என்றேன். குனிந்து உற்றுப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய், நெடுமங்காடு வழி பூராவும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். இறங்கும்போது கண்டக்டரும் என்னைவிட்டுக் கொஞ்சம் விலகித்தான் நின்றார்.

பத்து மணிக்கு ஆராய்ச்சிக்கூடம். ரப்பர்த் தோட்டத்துக்கு நடுவில் ஓடு வேய்ந்த நீளக் கட்டடம். பினாயில் வாசனை. டாக்டரம்மா என்னை மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்து ஒரு கண்ணை மூடச் சொன்னார். முதலில் என் இமைமுடிதான் தெரிந்தது. பிறகு வட்ட வட்டமாகக் கல்யாணியின் ரத்தம். சில வட்டங்களுக்குள் நுனியோடு நுனி சேர்ந்து இரண்டு இரண்டு எள்ளு. தர்ப்பணத்துக்கு எடுத்துக் கை பழகிய எள்ளு போலவே இருந்தது. இதுதான் நோய்க் கிருமி, ரத்தத்தை உள்ளிருந்தே உடைத்துச் சிறுநீரில் கொட்டுகிறது, உண்ணி கடித்து ஏறினது என்றார்.

உண்ணி கொஞ்சம் ரத்தம் குடிக்கும், அரிக்கும், அவ்வளவுதானே என்று ஐம்பத்திரண்டு வயது வரை நினைத்திருந்தேன்.

மேஜையில் பஞ்சு அடைத்த கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக இருந்தன. ஒன்றில் வற்றிச் சுருங்கின உண்ணி ஒன்று. அதன் முன்னால் தவிட்டு நிறத்தில் ஏதோ குவியலாக ஒட்டிக் கிடந்தது. தின்னக் கொடுத்த ரவையா என்று கேட்டேன்.

"ரவையல்ல சுவாமி. முட்டையாக்கும். ஒரே ஒரு உண்ணி இட்டது. ஆயிரக்கணக்கில் உண்டு."

அடுத்த குழாயில் அதே மாதிரி முட்டை பொரிந்திருந்தது. கண்ணாடி முழுக்கப் புழுதி படிந்தது போல. டாக்டரம்மா குழாயின் அருகே ஊதினார். அந்தப் புழுதி அத்தனையும் அசைந்து எழுந்து மூச்சு வந்த பக்கம் ஓடி வந்தது. நான் நாற்காலியோடு பின்னுக்குப் போனேன். புல் நுனியில், இலை நுனியில் ஏறி, மாடு வருமென்று இப்படித்தான் காத்திருக்குமாம். தாய்க்குள் இருந்த கிருமி முட்டை வழியாக இந்தக் குஞ்சுக்கும் வந்துவிடுமாம்.

பிறகுதான் தொழுவத்தில் அந்தக் கன்றைக் கண்டேன். காளைக்கன்று. இரண்டு காதிலும் வெள்ளைத் துணிப்பை மாட்டியிருந்தது. திருவிழா அலங்காரம் போலிருக்கிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கிட்டப் போனேன். வேலையாள் ஒரு பையின் முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே காது முழுக்க உண்ணி. இவர்களே விட்டு, இவர்களே வளர்க்கிறார்கள்.

என் சத்தம் கூடிவிட்டது. கோமாதாவின் பிள்ளையை இப்படிச் செய்யலாமா, இது பாவம் இல்லையா என்று டாக்டரம்மாவையே கேட்டுவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கன்றின் நெற்றியைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "உண்டு சுவாமி. இல்லைன்னு பறைய மாட்டேன். எந்த உண்ணியில் எந்தக் கிருமி, அதுக்கு எந்த மருந்துன்னு இவன் காது வழியாத்தான் நாங்க படிச்சோம். இன்னைக்கு உங்க பசுவுக்கு நான் கொடுக்கப் போற மருந்து இவன் தந்தது."

பையிலிருந்த அழகம்மன் விபூதியில் ஒரு சிட்டிகை எடுத்து அந்தக் கன்றின் நெற்றியில் இட்டேன். அதைத்தான் செய்யத் தெரிந்தது.

புறப்படும்போது சாரதாவுக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்து, போத்தலைத் திருப்பிக் கேட்டேன். எதற்கு என்றார். வீட்டில் வாழை மூட்டில் விடுவதற்கு என்றேன். சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். எவ்வளவு நாளாக அங்கே விடுகிறீர்கள், அந்த வாழையின் தண்டும் இலையும் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

பசுவுக்குத்தான் போடுகிறோம் என்றேன். சொல்லி முடிக்கும் முன்பே அந்தப் புழுதிக் குழாய் என் கண் முன்னால் வந்துவிட்டது. காலையில் நான் கவிழ்த்த சிரட்டையும்.

டாக்டரம்மா மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஜீப்பில் என்னையும் ஏற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு மஞ்சள் நிற மருந்தை ஊசியில் ஏற்றிக் கல்யாணிக்குப் போட்டார். பிழைக்குமா என்று சாரதா கேட்டதற்கு, நாளை மறுநாள் சொல்கிறேன் என்றார். பிறகு வாழையைக் காட்டி எல்லாவற்றையும் அவரே எடுத்துச் சொன்னார். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அந்த மட்டும் புண்ணியம்.

சாரதா நின்றபடி கேட்டுக்கொண்டாள். "அப்போ வெள்ளிக்கிழமை தோறும் பூப்போட்டுக் கும்பிட்டுண்டே நானாக்கும் இதுக்கு விஷம் விதைச்சிண்டு இருந்தது?"

"அம்மை அறிஞ்சு செய்தது இல்லையல்லோ" என்றார் டாக்டரம்மா. நாட்டுப் பசுவுக்கு இந்தக் கிருமி கன்றுப் பருவத்திலேயே லேசாக வந்து பழகிவிடும், பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். சீமை ரத்தம் கலந்ததற்கு அந்தத் தாங்கும் சக்தி குறைவு என்று விளக்கினார். வழக்கம் பழையதாகவே இருந்தது, பசு மாறிவிட்டது. எங்களுக்கு அது தோன்றவில்லை.

இனி தினமும் உண்ணி பிடுங்கி மண்ணெண்ணெய் டப்பாவில் போட வேண்டும், மருந்துத் தண்ணீரில் பசுவைக் கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். தொழுவத்துக்குள் மண்ணெண்ணெய் டப்பா வராது என்று சாரதா சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை. கல்யாணி படுத்தே கிடந்தது. நான் வாழை மூடு முழுவதையும் வெட்டிச் சாய்த்து, மண்ணைக் கொத்திச் சுண்ணாம்பு தூவினேன். குலை தள்ளின வாழை இரண்டு. முழங்கால் வரைக்கும் ஏதோ ஊர்கிற மாதிரியே இருந்து, மூன்று தடவை குளித்தேன். சாரதா சாப்பிடவில்லை. பசுவின் தலைமாட்டில் உட்கார்ந்து சிவநாமம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பசு எழுந்து சிறுநீர் விட்டது. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்து பார்த்தோம். எலுமிச்சம்பழ நிறம். கன்று ஓடி வந்து முட்டியது. கல்யாணி திரும்பி அதை நக்கிவிட்டு, சாரதா நீட்டிய புல்லில் ஒரு கைப்பிடியை வாங்கி மென்றது. அந்த மெல்லும் சத்தத்தைப் போல ஒரு நாதஸ்வரத்தை நான் கேட்டதில்லை.

சாரதா சிரட்டையை எடுத்து உண்ணி பிடுங்கினாள். பிறகு கொல்லைக் கதவைத் திறந்து சந்துக்குப் போனாள். அங்கே கல்லின் மேல் மண்ணெண்ணெய் டப்பா. ஒவ்வொன்றாக எடுத்து, 'சிவ சிவ' என்று சொல்லிச் சொல்லி உள்ளே போட்டாள். நான் பார்ப்பதைக் கண்டு, "கடைசி நேரத்திலே யார் காதிலேயும் ஒரு நாமம் சொல்றோமே அண்ணா, இதுகளுக்கும் சொல்லிடறேன்" என்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பிரதோஷத்துக்குப் பால் உண்டு என்று கோயிலில் சொல்லிவிட்டுப் போ என்றாள். என்னோடு வருகிறாயா என்று நான் மறுபடி கேட்கவில்லை.

வலியசாலையில் சொல்லிவிட்டு, கும்பிட்டுவிட்டு, பகல் இரண்டு மணி பஸ்ஸில் திரும்பினேன். பாலராமபுரம் தாண்டி வழியோரத்தில் மேய்ந்த மாடுகளையும், மழையில் தலை தூக்கி நின்ற புல்லையும் பார்த்துக்கொண்டே வந்தேன். போகும்போது பச்சை என்று மட்டும் தெரிந்த புல்.

அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் என் மனைவி எங்கள் பசு லட்சுமியைக் குளிப்பாட்டிக் குங்குமம் வைத்தாள். லட்சுமி நாட்டுப் பசு, சுத்தமான வெள்ளை. ஒரு நோய் நொடி கண்டதில்லை. சிரட்டையை எடுத்துக்கொண்டு வழக்கம்போல மதிலோரச் செம்பருத்தியைப் பார்த்து நடந்தாள். அங்கே வேண்டாம், இப்படிக் கொடு என்றேன்.

"ஏன், நம்ம லட்சுமிக்கு என்ன?" என்றாள்.

"லட்சுமிக்கு ஒண்ணும் வராது."

மதில் அந்த இடத்தில் இடிந்து இடுப்பளவுக்குத்தான் இருக்கிறது. அடுத்த வீட்டு நீலகண்டன் இந்தச் சித்திரையில்தான் ஒரு சீமைக் கலப்புப் பசு வாங்கிக் கட்டியிருக்கிறார். கருஞ்சிவப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை. அது மதிலுக்கு மேலே கழுத்தை நீட்டி, எங்கள் செம்பருத்தி இலையை ஆசையாகக் கடித்துக்கொண்டிருந்தது.

சிரட்டையை வாங்கிக்கொண்டு தெருப்பக்கம் போனேன். அங்கே வைத்திருந்த மண்ணெண்ணெய் டப்பாவில், 'சிவ சிவ' என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொன்றாகப் போட்டேன்.