உள்ளான் மார்க் பிலோமினா அக்கா

மரக்காணம் பிலோமினா அக்கா போய்விட்டார் என்பதை, புதுச்சேரி பஸ் கண்டக்டர் படியில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். நான் கூனிமேட்டில் கடையைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தேன். அப்படியே உட்கார்ந்து அழுதேன். உன் மேல் கேஸ் போட்டவருக்கா இந்த அழுகை என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டார். ஆமாம், அவருக்குத்தான். அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். அந்தக் கேஸின் கதை முழுதும் தெரிந்தவன் நான்தான்.

மரக்காணம் கடைத்தெருவில் அக்காவுக்குத் தூண்டில் முள் வியாபாரம். தகர டப்பாவின் மேல் உப்பளத்தில் மேயும் உள்ளான் குருவியின் படம். கணவர் பதிவு செய்துவைத்த மார்க் அது. புது முள் வந்தால் கைக்கு அகப்பட்டதை எடுத்து உத்தரத்துக் கயிற்றில் மாட்டி, எடைக்கல்லைத் தொங்கவிட்டு, வளைவு நிமிர்கிறதா என்று பார்ப்பார். அவர் கடையில் ஒரு வழக்கம் உண்டு. நிமிர்ந்துபோன முள்ளை யார் கொண்டுவந்தாலும் கேள்வி கேட்காமல் இரண்டு புது முள் கொடுப்பார். "முள்ளு நிமிர்ந்தா மீனு போவும். மீனு போனா பேரு போவும்" என்பார்.

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம், சிங்கப்பூரில் இருந்த மச்சான் மூலம் நானும் முள் இறக்கினேன். லைசென்ஸ் எல்லாம் சரி. டப்பாவில் மட்டும் அதே உள்ளான். பார்த்தேன், பார்க்காதவன் போல இருந்துவிட்டேன். இன்று அதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. முதல் பார்சல் சுடச்சுட விற்றது. கொஞ்ச நாளில் முள்கள் நிமிரத் தொடங்கின. குப்பத்து ஆட்கள் அவற்றை என்னிடம் கொண்டுவரவில்லை. டப்பாவில் உள்ளான் இருக்கிறதே, நேரே அக்காவிடம் போனார்கள். தன் முள் இல்லை என்று கண்டதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் வந்தவர்களுக்கெல்லாம் மாற்றிக் கொடுத்தார்.

பிறகு பஸ் ஏறி என் கடைக்கு வந்து, இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று தன்மையாகச் சொன்னார். உள்ளான் என்ன உங்கள் வீட்டுக் கோழியா என்று எகத்தாளம் பேசி அனுப்பினேன். கொழுப்புதான், வேறென்ன!

அடுத்து வந்தவர் கடலூர் கோர்ட்டு அமீனா. பெரிய சரக்கு அப்போதுதான் மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கியிருந்தது. வழக்கு முடியும்வரை அதை வெளியே எடுக்கக்கூடாது, அந்த மார்க் போட்ட சரக்கை இனி இறக்குமதி செய்யவும் கூடாது என்று தடை உத்தரவு. என் முதல் மொத்தமும் அந்தப் பெட்டிகளில் இருந்தது. கடையை மூடவேண்டியதுதான் என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். மறுநாளே சண்டை பிடிக்க மரக்காணம் போனேன்.

அக்கா பதிலுக்குச் சத்தம் போடவில்லை. நான் கத்தி முடித்ததும், சாட்சிக்கு வைத்திருந்த என் டப்பாவிலிருந்து ஒரு முள்ளை எடுத்து நீட்டினார்.

"நீங்களே மாட்டிப் பாருங்க, பாய்."

மாட்டினேன். முள் விறுவிறுவென்று நிமிர்ந்தது. எடைக்கல் என் கால் பெருவிரலுக்கு அரை சாண் தள்ளி விழுந்தது.

"அந்தப் பெட்டி வந்திருந்தா, அப்புறம் எவனாவது உங்க கடைப் படி ஏறுவானா? கோர்ட்டு நிறுத்துனது சரக்கைத்தான், கடைய இல்ல. கடைக்கு என் முள்ள எடுத்துட்டுப் போங்க. வித்தப்புறம் பாத்துக்கலாம்."

அவர் கொடுத்த முள் டப்பாக்களை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன். வழக்கை நான் எதிர்க்கவில்லை. பெட்டிகள் வந்த வழியே திரும்பிப் போயின. மச்சான் ரொம்ப நாள் கடிதமே போடவில்லை, போகட்டும். எதிர்க்காவிட்டாலும் வழக்கு முடியும்வரை வாய்தாவுக்குப் போகவேண்டியிருந்தது. கடலூர் போகும் பஸ்ஸில் முன் சீட்டில் அக்கா, பின் சீட்டில் நான். எறா தொக்கு வைத்துக் கட்டிய சோற்றுப் பொட்டலத்தை மட்டும் பின்னால் நீட்டுவார். இறங்குமுன் வாயைத் துடைத்துக்கொள்ளுங்கள், என் வக்கீல் பார்த்தால் என்னைத் திட்டுவார் என்பார்.

அன்று நிமிர்ந்த முள் என் கடைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. எனக்கென்று அவரிடம் கேட்டு வாங்கியது அது ஒன்றுதான்.

அடக்கம் முடிந்த மறுநாள், குப்பத்து ஆள் ஒருவர் நிமிர்ந்த முள்ளோடு வந்து தயங்கி நின்றார். "அக்காதான் இல்லியே. மாத்தித் தருவீங்களா, பாய்?"

வாங்கிப் பார்த்தேன். அது உள்ளான் முள் இல்லை; நான் விற்றதும் இல்லை. சொல்ல வாயெடுத்தேன். சுவரைப் பார்த்தேன். இரண்டு புது முள் எடுத்துக் கொடுத்தேன்.