பிரேக் மாஸ்டர் பாட்டை மாற்றினார்

டிரைவிங் ஸ்கூலில் அவருக்குப் பிரேக் மாஸ்டர் என்று பெயர். கற்றுக்கொள்ள வந்தவர் ஸ்டியரிங்கைத் தொட்டாரோ இல்லையோ, பக்கத்து இருக்கையில் இவருடைய கால் தன் பங்கு பிரேக்கின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். வண்டி நகர்வதற்கு முன்பே பிரேக் போட்ட வாத்தியார் உலகத்திலேயே இவர் ஒருவர்தான் என்று மாணவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. "அதுலயும் பிரேக்குதான்" என்பாள் அக்கா.

அக்காவின் கணவர் கப்பலில் வேலை பார்த்தார். வருஷத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். கீழே அக்கா, மாடி அறையில் மாஸ்டர். அந்த அறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை விசிறி, ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர், செர்ரிச் சிவப்பில் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார். யாரோ வைத்திருந்து விற்றதை ஆசைப்பட்டு வாங்கியது. சனிக்கிழமை சாயங்காலம் அதைத் தூக்கிக்கொண்டு நண்பரின் பேக்கரிக்குப் போய்விடுவார். பேக்கரிக்காரர் ட்ரம்ஸ் அடிப்பார், இவர் கிட்டார் வாசிப்பார், மாவு மூட்டைகள் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஒரு மாதம் முழுக்க யோசித்துவிட்டு மாஸ்டர் கிட்டாருக்குப் புதுப் பிக்கப் வாங்கிப் போட்டார். கம்பிக்கு அடியில் இருந்துகொண்டு அதன் அதிர்வைப் பிடித்து அனுப்புகிற சாமான் அது. வாங்கினது உயர்ந்த ரகம். போட்டு வாசித்துப் பார்த்தால், ஜலதோஷம் பிடித்தவர் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஒரு சத்தம். மாஸ்டருக்கு அழுகை வராத குறை.

பேக்கரிக்காரர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பிக்கப்பை மட்டும் மாத்தினா எப்படிப்பா? வால்யூம், டோன் ரெண்டு பாட்டையும் மாத்து. பழசு சத்தத்தைக் குடிக்குது."

மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினவரை அக்கா வாசலில் மறித்தாள்.

"எங்கடா?"

"பாட்டை மாத்தணும்க்கா. கடைக்குப் போறேன்."

"நல்ல காரியம். அந்த ஒரே பாட்டைக் கேட்டுக் கேட்டு இந்தத் தெருவே நொந்து போயிருக்கு. அதுக்கு ஏன் கடைக்குப் போறே? வேற பாட்டு வாசிக்க வேண்டியதுதானே?"

"அந்தப் பாட்டு இல்லக்கா. இது பாட். கிட்டார்ல திருகுறேன் பாரு குமிழ், அதுக்கு அடியில இருக்கும். சத்தத்தைக் கூட்ட, குறைக்க."

"குறைக்கவா? அப்போ ரெண்டா வாங்கிட்டு வா."

ரேடியோ சாமான் கடை, மூன்று ஆள் நின்றால் நான்காவது ஆள் தெருவில் நிற்க வேண்டிய அளவுக்குத்தான் இருந்தது. தரையிலிருந்து கூரை வரைக்கும் குட்டிக் குட்டி இழுப்பறைகள். கல்லாவில் ஒரு பெண் பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு பூதக்கண்ணாடி விளக்குக்கு அடியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். பின்னால் சாய்வு நாற்காலியில் அவளுடைய பெரியப்பா. கடை அவருடையது, வேலை அவளுடையது, தூக்கம் மறுபடி அவருடையது.

"பாட் ரெண்டு வேணுங்க. கிட்டாருக்கு."

"எத்தனை கே?"

மாஸ்டர் முழித்தார். அவள் பொறுமையாக, "கே-ன்னா கிலோ ஓம், எவ்வளவு தடுக்கும்ங்கிற கணக்கு. இருநூத்தம்பது கே இருக்கு, ஐந்நூறு கே இருக்கு. எது போடணும்?" என்றாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கண்ணை நிமிர்த்திப் பார்த்த பார்வையில் வாய் தானாகத் திறந்து, "இருநூத்தம்பதே குடுங்க, அளவா இருக்கட்டும்" என்றது. ஸ்கூலில் வேகம் பற்றி அவர் சொல்கிற அதே வார்த்தை.

வீட்டுக்கு வந்து பழையதைச் சூடு வைத்துக் கழற்றினார். கழற்றிப் பார்த்தால் அதுவும் இருநூத்தம்பதுதான். புதிதைப் போட்டும் போர்வை போர்வையாகவே இருந்தது.

மறுபடியும் போனார். இந்தத் தடவை பேக்கரிக்காரரிடம் கேட்டுக்கொண்டு, "ஐந்நூறுங்க" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். வாங்கிக்கொண்டு வந்து ஈயத்தால் பற்ற வைத்துவிட்டுக் குமிழை மாட்டினால் குமிழ் நிற்கவில்லை, வழுக்கி விழுந்தது. பழைய தண்டின் தலையில் பல் பல்லாக வெட்டி நடுவில் பிளந்திருந்தது. புதிய தண்டோ வழவழவென்று உருண்டை. விழுந்த குமிழைத் தேடிக் கட்டிலுக்கு அடியில் போனவர் தலையில் இடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

மூன்றாம் தடவை குமிழையும் கையில் கொண்டு போனார். அவள் அதைத் தண்டுகளில் மாட்டி மாட்டிப் பார்த்தாள். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு. "இதாவது சரியா இருக்குமா?" என்று கேட்டாள். "இருக்குங்க" என்றார் மாஸ்டர்.

இருந்தது. போர்வை விலகி, கிட்டார் பளிச்சென்று பேசியது. ஆனால் குமிழை ஒரு துளி திருப்பினாலே போதும், சத்தம் எகிறிக் குதித்தது. அதற்குப் பிறகு எவ்வளவு திருப்பினாலும் ஒன்றும் பெரிதாக ஏறவில்லை. அவர் மெதுவாக ஆரம்பிக்க நினைத்த இடத்தில் அறையே அதிர்ந்தது. கீழே கரண்டி விழும் சத்தமும், "டேய்!" என்று அக்காவின் குரலும் கேட்டன.

நான்காம் தடவை அவர் படியேறும்போதே பெரியப்பா ஒரு கண்ணைத் திறந்தார். "வந்துட்டாரும்மா உன் ஆளு" என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

அவள் முகம் சிவந்துவிட்டது. பென்சிலைக் கொண்டையிலிருந்து எடுத்தாள், மறுபடி செருகினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது. நேராவே கேக்கறேன். ரெண்டு பாட் வாங்க யாராவது நாலு தடவை வருவாங்களா? பேசணும்னா பேசிடுங்களேன்" என்றாள்.

"என்ன பேசணும்?" என்றார் மாஸ்டர்.

"எதுக்காக வர்றீங்கன்னு."

"சத்தம் குதிக்குதுங்க. அதான்."

"அப்போ... நிஜமாவே பாட்டுக்காகத்தான் வந்தீங்களா? எனக்காக இல்லையா?"

"இல்லைங்க" என்றார், பட்டென்று. அவருடைய வாய்க்குப் பிரேக்கே கிடையாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவள் திரும்பிக்கொண்டு ஒரு இழுப்பறையை வேகமாகச் சாத்தினாள். விரல் மாட்டிக்கொண்டது. "ஸ்ஸ்" என்றாள். மாஸ்டர் பதறிப்போய் கையை நீட்டினார், என்ன செய்வதென்று தெரியாமல் இழுத்துக்கொண்டார், கொண்டுவந்த பாட் இரண்டையும் கல்லாவிலேயே விட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக வெளியே வந்தார்.

தெரு முனையில் ஒரு சலூன் கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது. தலை படிய வாரியிருந்தது. போட்டிருந்தது நீலச் சட்டை. விசேஷத்துக்கு மட்டும் போடுகிற சட்டை. யோசித்துப் பார்த்தால் இரண்டாம் தடவையும் நீலச் சட்டைதான், மூன்றாம் தடவையும் அதேதான். "அடப்பாவி" என்று கண்ணாடியில் இருந்தவனைப் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். உள்ளே சவரம் செய்துகொண்டிருந்தவர் பாதி நுரையோடு திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவருக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மத்தியானம் ஒரு பேங்க் மேனேஜர் அம்மாவுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்தார். அந்த அம்மா, "போதுமா மாஸ்டர்? இன்னும் போகட்டுமா மாஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். "போகட்டும், போகட்டும்" என்றார் மாஸ்டர், வெளியே வானத்தைப் பார்த்துக்கொண்டு. வண்டி பின்னாலேயே போய் ஒரு மணல் குவியலில் ஏறி உட்கார்ந்தது.

"மாஸ்டர், நீங்க பிரேக் போடலையே!" என்றார் அந்த அம்மா திகைத்துப்போய்.

"இல்லைங்க. பாருங்களேன், போடவே இல்லை!" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார் மாஸ்டர். இறங்கி மணலைத் தள்ளும்போதும் சீட்டி அடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கிட்டாரையே தோளில் மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். அவள் விரலில் சின்னதாக ஒரு கட்டு. நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இனிமே நான் தேர்ந்தெடுக்கப் போறதில்லைங்க. உடம்பையே கொண்டுவந்துட்டேன். நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார்.

கிட்டாரைக் கண்டதும் அவளால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியவில்லை. பின்பக்கத்து மூடியைத் திறந்து, விளக்கை இழுத்து, உள்ளே எட்டிப் பார்த்தாள். "இந்த ஈயத்தை யாரு வெச்சது? காக்கா கூடு மாதிரி இருக்கு."

"நான்தாங்க."

"தெரியுது." சிரித்துவிட்டாள். நேற்று அவர் விட்டுவிட்டுப் போன பாட்டின் முதுகைக் காட்டினாள். "இதுல பி-ன்னு போட்டிருக்கு பாருங்க. உங்களுக்கு ஏ வேணும். சத்தத்துக்கு எப்பவும் ஏ. நான்தான் கவனிக்காம எடுத்துக் குடுத்துட்டேன். அன்னிக்கு எனக்கும் கவனம் வேற எங்கயோ இருந்துச்சு."

"ஏ-ன்னா என்னங்க?"

"ஆரம்பத்துல கொஞ்சம் கொஞ்சமா ஏறும், போகப் போக நிறைய ஏறும். காது அதைத்தான் சீரா ஏறுதுன்னு நினைச்சுக்கும். பி சீராத்தான் ஏறும், ஆனா காதுக்குத் திடீர்னு கேக்கும்."

"அட! ஆக்ஸிலேட்டரு!" என்று மாஸ்டர் கல்லாவில் தட்டினார். "புதுசா வர்றவங்க மிதிச்சா பி. பழகினவங்க மிதிச்சா ஏ!"

"மெதுவாப்பா" என்றார் பெரியப்பா, கண்ணைத் திறக்காமலே.

அவள் ஒரு இழுப்பறையை அப்படியே உருவிக் கல்லாவில் கவிழ்த்தாள். எல்லாவற்றிலும் ஐந்நூறு என்றுதான் எழுதியிருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தால் ஒன்று நானூற்று முப்பது, ஒன்று ஐந்நூற்று நாற்பது. "எழுதினது ஒண்ணு, இருக்கிறது ஒண்ணு. மனுஷங்க மாதிரிதான்" என்றாள். அவள் அளந்து அளந்து கொடுக்க, மாஸ்டர் ஒவ்வொன்றையும் கண்ணை மூடித் திருப்பிப் பார்த்தார். ஒன்று இறுக்கம். ஒன்று லொடலொட. ஒன்று வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போனது. "இது! இது!" என்று குதித்தார். அதற்கு ஜோடியாக இன்னொன்றைத் தேடினார்கள். வாடிக்கையாளர் ஒருவர் வந்து டார்ச் பல்பு கேட்டார். இரண்டு பேருக்கும் காது கேட்கவில்லை. பெரியப்பாவே எழுந்து எடுத்துக்கொடுக்கும்படி ஆனது.

அவள் ஈயம் வைத்தாள். மணி மணியாக, பளபளவென்று உட்கார்ந்தது. ஒயரைக் கடை ஆம்ப்ளிஃபயரில் செருகினார்கள். மாஸ்டர் வலது கையால் கம்பியை மீட்டி, "நீங்க திருப்புங்க" என்றார்.

கட்டுப் போட்ட விரலோடு அவள் குமிழைத் திருப்பினாள். ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து சத்தம் எழுந்து, பெருகி, கடையை நிறைத்தது. இழுப்பறைக்குள் இருந்த சாமானெல்லாம் மெல்லக் கலகலத்தன. அவள் குறைத்தாள், மறுபடி கூட்டினாள். மறுபடி, மறுபடி. சின்னப் பிள்ளைக்கு ஊஞ்சல் கிடைத்த மாதிரி நிறுத்தவே மனமில்லை.

அந்தச் சத்தத்துக்குள்ளேயே மாஸ்டர் சொன்னார்: "நேத்து இல்லைன்னு சொன்னேன்ல? அது தப்பா வந்துடுச்சுங்க. அதையும் மாத்திக்கலாமா?"

அவள் தலைக்கு மேல் தொங்கிய பலகையைக் காட்டினாள். விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது என்று எழுதியிருந்தது.

மாஸ்டரின் முகம் தொங்கிப்போனது.

"திரும்ப வாங்க மாட்டோம்" என்றாள் அவள், குமிழிலிருந்து கையை எடுக்காமல். "மாத்திக் குடுப்போம்."

அன்று வீட்டுக்கு வந்தவர் படியை இரண்டிரண்டாகத் தாண்டினார், செருப்போடு உள்ளே போனார், அக்காவிடம் முன்னுக்குப் பின்னாக உளறிக் கொட்டினார். அக்காவுக்குப் புரிந்தது கடையின் பெயர் மட்டும்தான். அது போதுமாக இருந்தது.

மறுநாள் காலையில் அவளே நேரில் போனாள். ஒன்றும் தெரியாதவள் மாதிரி போய்ப் பெண்ணைப் பார்த்துவிட்டு வருவது திட்டம். கடிகாரத்துக்கு பேட்டரி கேட்டாள். வாங்கியும் பேச்சு வரவில்லை. டார்ச்சுக்கு பேட்டரி கேட்டாள். பிறகு டிவி ரிமோட்டுக்கு. பிறகு ஒரு ஏரியல். பிறகு என்னவென்றே தெரியாமல் கண்ணில் பட்ட ஒரு சிவப்பு ஒயர்ச் சுருள். பை நிரம்பிவிட்டது. வாய் மட்டும் திறக்கவில்லை.

கல்லாவில் இருந்தவள் பில் போடாமல் பேனாவைக் கீழே வைத்தாள். "போதும், உக்காருங்க அண்ணி. டீ சொல்றேன்" என்றாள்.

மாஸ்டர் மாடியில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு வாசிக்கவும் முடியாமல், வைக்கவும் முடியாமல் தவித்துக்கொண்டிருந்தபோது, தெருமுனையிலிருந்தே அக்காவின் குரல் கேட்டது. பையிலிருந்து பேட்டரிகள் ஒவ்வொன்றாகத் தெருவில் விழுந்து உருள, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அண்ணின்னுட்டாடா! டேய்! என்னை அண்ணின்னு கூப்பிட்டுட்டாடா!"