மதிலில் விட்ட வழி

கடலூரில் கட்டட வரைபடம் போடும் அலுவலகம் வைத்திருக்கிறேன். சிதம்பரத்தில் ஒரு பழைய தெருவின் நலச்சங்கத்தார் என்னைக் கூப்பிட்டார்கள். ஓட்டு வீடுகளும் மரத்தூண்களும் இன்னும் மிச்சமிருக்கிற தெரு. லாரிகள் புகுந்து தாழ்வாரங்களை இடிக்கின்றன, தெருவின் களை கெடாமல் ஒரு நுழைவாயிலும் மதிலும் வேண்டும் என்றார்கள். ஆசையாகத்தான் ஒப்புக்கொண்டேன். நான்கு நாள் டேப் பிடித்து அளந்தேன்.

தெருக்கோடியில் ஒரு சந்து இருந்தது. பின்னாலுள்ள குடியிருப்பு ஜனங்கள் பஸ்ஸுக்கும் ரேஷனுக்கும் அதில்தான் வந்துபோனார்கள். லாரி நுழைய முடியாத உயரத்தில் வாயில், வீட்டுத் தூண்களின் பருமனில் தூண்கள், சுண்ணாம்புப் பூச்சு என்று வரைந்தேன். சந்துக்கு நேராக மதிலில் ஆள் நடக்க வழி விட்டிருந்தேன்.

சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற அதிகாரி, வரைபடத்தில் அந்த இடத்தை விரலால் தட்டினார். "வாசல் நல்லாருக்கு. இந்த ஓட்டை எதுக்கு?"

"ஜனங்க நடக்கற வழி சார்."

"அதத்தாம்மா அடைக்கணும். லாரின்னு சொன்னா உனக்குப் புரியாதா?"

பக்கத்தில் இருந்தவர் கேட்டார்: "கடலூர்ல நீ எந்தப் பக்கம்?"

அவர் விசாரித்தது ஊரை அல்ல. "அளவு தப்புன்னா சொல்லுங்க. நான் எந்தப் பக்கமா இருந்தா என்னா?" என்றேன்.

"அதானே பாத்தேன். அவுங்களுக்கு வக்காலத்து வாங்க வந்துருக்குது இது."

'நீ' என்பது 'இது' ஆனதும் எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துப் போனபோது நான் வரைந்த வாயில் அப்படியே நின்றது. வேறு யாரையோ வைத்துக் கட்டியிருந்தார்கள். மதிலில் வழி மட்டும் இல்லை. சந்துப் பக்கமாகப் போய்ப் படம் எடுத்தேன். தண்ணீர்க் குடத்தோடு ஒரு பெண் வந்தாள்.

"டேப்பு புடிச்சி அளந்தது நீதானே?"

"நான் வழி விட்டுத்தான் வரைஞ்சேன்."

"எங்க? காட்டு." மதிலை உள்ளங்கையால் அறைந்தாள். "எங்க மாமியாருக்கு நடக்க முடியாது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஊரையே சுத்தறோம். போட்டோ எடுக்க வந்துட்டா."

அவள் மீதும் எனக்குக் கோபம் வந்தது.

நில அளவைப் படத்தில் அந்தச் சந்து பொதுப்பாதை என்றே இருந்தது. என் அளவுகளையும் சேர்த்துத் தாசில்தாரிடம் மனு கொடுத்தேன். வேலை பறிபோன ஆத்திரத்தில் பழிவாங்குகிறேன் என்று விசாரணையில் தலைவர் சொன்னார். அதில் பாதி உண்மை. ஆனாலும் படம் படம்தான். அதிகாரிகள் வந்து மதிலை அந்த இடத்தில் இடித்தார்கள்.

செங்கல் பிதுங்கிக்கொண்டு அசிங்கமாக இருந்தது. விளிம்பைச் சீராகப் பூசித் தருகிறேன் என்று போய் நின்றேன். "இந்தத் தெருவுல இனிமே கால் வைக்காத" என்று தலைவர் கதவைச் சாத்திக்கொண்டார். திரும்பி வரும்போது இடித்த இடத்தருகே ஒரு நிமிடம் நின்றேன். அதே பெண் காய்கறிப் பையுடன் வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நவுந்து நில்லு" என்று சொல்லிவிட்டு அந்த இடைவெளி வழியாகச் சந்துக்குள் போனாள்.