ஏழு மணிப் புள்ளிகள்

என் கணவரின் ரத்த அழுத்தத்தை ஒவ்வொரு நாளும் மாலை சரியாக ஏழு மணிக்கு அளந்து நாட்குறிப்பில் எழுதுவது என் வேலை. யாரும் கொடுத்ததல்ல, நானே எடுத்துக்கொண்டது. மைசூரில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் இருபத்தாறு வருடமாக உதவியாளராக இருக்கிறேன். எதை அளந்தாலும் ஒரே நேரத்தில், ஒரே கருவியில், ஒரே கையில் அளக்க வேண்டும் என்பது எனக்கு ஊறிப்போன பழக்கம். 6.55க்குக் கருவியை மேசையில் வைப்பேன். 6.58க்கு அவருடைய இடது கையில் பட்டையைச் சுற்றுவேன். ஏழானதும் பொத்தான். பதினான்கு மாதங்களில் ஒரு நாள்கூட ஏழு ஐந்து ஆனதில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் அன்றைய செய்தியும் ஒரு வரி இருக்கும்: “மழை. ரசம். குக்கர் வாஷர் மாற்றியது.”

இந்த எண்களையெல்லாம் வரைபடத் தாளில் கோடாக வரைந்து டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“நடுநடுவுல நல்லா ஏறுதே மேடம். ஒரு மாசம் பார்க்கலாம். இப்படியே இருந்தா இன்னொரு மாத்திரை சேர்த்துடலாம்.”

ஆட்டோவில் ஏறியதும் என் கணவர் சொன்னார். “முதல் மாத்திரைக்கே ஒரு மாசம் தலை சுத்துச்சு. மெஷின் பக்கம் வராதேன்னு ஸ்டோர்ஸ்ல உட்கார வச்சு நட்டு எண்ண விட்டாங்க. ரெண்டாவது ஆரம்பிச்சா ரிடையர் ஆகுற வரைக்கும் நட்டுதான்.”

ஊர் ஓரத்து ஹெப்பாளில் அவர் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் மூன்று பெரிய இயந்திரங்கள் அவர் பொறுப்பு. ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம். அந்த மூன்றையும் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால் சொந்தக்காரர்கள் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

அந்த வாரம்தான் எங்கள் கல்லூரியில் ஆய்வகப் பணியாளர்களுக்குப் பைத்தான் என்ற கணினி மொழி வகுப்பு ஆரம்பித்தது. நான்கு சனிக்கிழமைகள். மாணவர்கள் திரையில் தொட்டுப் பார்க்கும் வரைபடங்களை நாங்களே செய்ய வேண்டும் என்பது முதல்வரின் ஆசை. விரலையோ மவுஸையோ ஒரு புள்ளியின் மேல் வைத்தால் அதன் விவரம் சிறு பெட்டியாக எழும்பும். வேண்டிய இடத்தை இழுத்துப் பெரிதாக்கலாம். வேண்டாத கோட்டை மறைக்கலாம். பயிற்சிக்கு அவரவர் சொந்த எண்களைக் கொண்டுவரச் சொன்னார்கள். பக்கத்து நாற்காலியில் வேதியியல் ஆய்வகத்துப் பெண் இருந்தாள். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்க்காரி, என்னைவிட எட்டு வயது சின்னவள். தன் வீட்டு எருமை கொடுத்த பாலின் அளவைக் கொண்டுவந்திருந்தாள். நான் ரத்த அழுத்தத்தைக் கொண்டுபோனேன்.

நாட்குறிப்பில் எப்படி இருந்ததோ அப்படியே, சாய்கோடு போட்டு, “138/86” என்று தட்டினேன். நான்கு மாலைகள் ஆயிற்று. ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை சரிபார்த்தேன். நிரலை ஓட்டியதும் திரையில் கோடு இடது கீழ் மூலையில் தொடங்கி அங்கங்கே சறுக்கினாலும் மேலே மேலே ஏறி வலது உச்சியில் போய் நின்றது.

ஹனூர்க்காரி எட்டிப் பார்த்தாள். “ஏனுங்க்கா, இது பிரஷருங்களா, சாமுண்டி மலைப் படிக்கட்டுங்களா?”

“சும்மா இரு.”

“இல்லீங்க்கா, இந்தப் பிரஷருக்கு மனுசன் இத்தனை நேரம் இருக்க மாட்டாருங்க. வீட்டுக்கு ஒரு போன் பண்ணிருங்க.”

சாய்கோடு போட்டதால் கணினிக்கு அது எண்ணாகத் தெரியவில்லை. எழுத்து என்று நினைத்து, வந்த வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டது. மேல் எண், கீழ் எண் என்று இரண்டு பத்திகளாகப் பிரித்தேன். அடுத்து, தேதி. நான் நாளை முதலில் எழுதுவேன், அது மாதத்தை முதலில் படித்தது. ஏப்ரல் மூன்றாம் தேதி மார்ச் நான்காக மாறி, என் கணவர் ஒரே வாரத்தில் கோடையிலும் மழையிலும் மாறி மாறி வாழ்ந்துகொண்டிருந்தார். நாள் முன்னால் என்று ஒரு சொல் சேர்த்ததும் அடங்கியது. எருமைக்கு இந்தத் தொல்லை எதுவும் வரவில்லை. அது முதல் நாளே அழகாக ஏறி இறங்கி நின்றது. ஹனூர்க்காரி அதை ஆய்வகம் முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள்.

மூன்றாவது சனிக்கிழமை, சிறு பெட்டியில் என்ன எழும்ப வேண்டும் என்பதை நாமே சொல்லக் கற்றோம். தேதி, கிழமை, எண், அத்துடன் நாட்குறிப்பின் ஒரு வரிச் செய்தி என்று நான்கையும் கொடுத்தேன். ஓட்டினேன். வரைபடத் தாளில் இருந்த அதே மலைகளும் பள்ளங்களும்தான். உயரமான ஒரு புள்ளியில் மவுஸை வைத்தேன்.

“வெள்ளி. 152/94. மார்க்கெட். பூ, வெற்றிலை, வாழைக்காய்.”

அடுத்த உயரம். “செவ்வாய். 149/92. மார்க்கெட். தேங்காய் நாலு.”

அடுத்தது வெள்ளி. அதற்கடுத்தது செவ்வாய். மவுஸை ஒவ்வொரு உச்சியாக நகர்த்திக்கொண்டே போனேன்.

மற்ற நாட்களில் அவர் கம்பெனி பஸ்ஸில் வந்து ஆறரைக்கு வீட்டில் இருப்பார். காபி குடித்து, பேப்பர் பார்த்து, ஏழுக்குக் கையை நீட்டுவார். செவ்வாயும் வெள்ளியும் வேலை முடிந்து நேராகத் தேவராஜ மார்க்கெட்டுக்குப் போய், இரண்டு பைகளோடு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, மூன்று மாடி ஏறி 6.57க்குக் கதவைத் தட்டுவார். 6.58க்கு நான் பட்டையைச் சுற்றிவிடுவேன். ஒரு தடவை “செருப்பையாவது கழட்டிக்கிறேன்” என்றார். “கழட்டிக்கிட்டே கையைக் கொடுங்க, மணி ஆச்சு” என்றது நான்தான்.

வீட்டுக்கு வந்ததும் கருவியோடு வந்த சிறு புத்தகத்தை எடுத்தேன். அளப்பதற்கு முன் சற்று நேரம் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. என்னுடையதுதான்.

மடிக்கணினியை அவர் முன்னால் வைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் தானே மவுஸை வாங்கி, ஒவ்வொரு உச்சியாகத் தொட்டுப் படித்தார். நேரமெடுத்துக்கொண்டார்.

“அப்போ எனக்கு வியாதி இல்ல. உன் கடிகாரம்தான்.”

“இப்பவே முடிவு பண்ணாதீங்க. உட்கார்ந்து அளந்து பார்க்கணும்.”

“பதினாலு மாசம் நிக்க வச்சுட்டு இப்ப சொல்றா, உட்காருன்னு.”

அடுத்த இரண்டு வாரமும் மார்க்கெட் நாட்களில் பைகளை நான் வாங்கிக்கொண்டு, அவரை நாற்காலியில் உட்காரவைத்து, இருபது நிமிடம் பேசாமல் இருந்தேன். எனக்குத்தான் அது கஷ்டம். வெற்றிலை வாடியிருந்ததைக்கூட அன்று சொல்லவில்லை. எண்கள் மற்ற நாட்களின் அளவுக்கு இறங்கின. நான்கு தடவையும்.

டாக்டர் மேசையில் மடிக்கணினியைத் திறந்தபோது எனக்கு முதல் நாள் பரீட்சைக்கு வந்ததுபோல இருந்தது. மார்க்கெட் நாட்களை ஆரஞ்சு நிறத்திலும் மற்றவற்றை நீலத்திலும் வைத்திருந்தேன். எப்படி அளந்தேன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் ஆரஞ்சை மறைத்தார். மலைகள் போயின. திரும்பக் கொண்டுவந்தார். கடைசி நான்கு ஆரஞ்சையும் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

“இந்த நீலம் ஒண்ணு மேல நிக்குதே? மார்க்கெட் நாள் இல்லையே.”

நான் தடுப்பதற்குள் விரலை வைத்துவிட்டார். பெட்டி எழும்பியது. “ஞாயிறு. 155/95. என் தம்பி வந்திருந்தான்.”

என் கணவர் மின்விசிறியைப் பார்த்தார். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இதற்குத் தன்னிடம் மாத்திரை இல்லை என்றார். பிறகு தன் கருவியில் ஒரு தடவை, ஐந்து நிமிடம் விட்டு இன்னொரு தடவை அளந்தார். சீட்டில் பழைய மாத்திரையின் பெயரை மட்டும் எழுதினார்.

“இதே போதும். உப்பைக் குறைங்க. மூணு மாசம் கழிச்சு இதே படத்தோட வாங்க.”

வெளியே வந்ததும் என் கணவர் தொழிற்சாலைக்குப் போன் செய்தார். திங்கட்கிழமை காலை ஷிப்டுக்குத் தன் பெயரையே போடச் சொன்னார். மூன்றாவது இயந்திரத்தில் ஏதோ சத்தம் வருகிறதாம், வேறு யாரும் கை வைக்க வேண்டாமாம்.

அடுத்த செவ்வாய், பழக்கதோஷத்தில் 6.58க்கு இடது கையை நீட்டினார். நான் கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தேங்காய்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். நாட்குறிப்பில் அன்று 7.20 என்று எழுதினேன். மற்ற நாட்களின் ஏழுகளுக்கு நடுவே பார்க்க உறுத்தலாகத்தான் இருந்தது. அதை அடித்துத் திருத்தவில்லை.